சூசை அண்ணனின் மூன்று வயதுகள்

ஐந்து மாதத்துக்கு முன், ஆஸ்பத்திரி வார்டில், ஒரு தாதியின் முன்னால், நானும் பக்கத்து வீட்டுப் பிலோமினாவும் சண்டை பிடித்தோம்.

சண்டைக்கு அது இடமா? இல்லைத்தான். கட்டிலில் பிலோமினாவின் கணவர் சூசை அண்ணன் கிடக்கிறார் — வாய் ஒரு பக்கம் இழுத்து, இடது கையும் இடது காலும் அசைவில்லாமல். பாரிசவாதம். தாதி கேட்டது ஒரே ஒரு கேள்வி: ஐயாவுக்கு என்ன வயது?

“அறுபத்தொண்டு” என்றாள் பிலோமினா.

“அறுபத்தெட்டு” என்றேன் நான்.

“என்ர மனுசன்ர வயசு எனக்குத் தெரியாதே அக்கா? பெரிய புயல் அடிச்சதுக்கு அடுத்த வருசம் பிறந்தவர் எண்டு மாமி எத்தினை தரம் சொன்னவ!”

“மாமி சொன்னதை இஞ்ச ஆர் கேட்டது? ஐசியில என்ன கிடக்கு எண்டு பார்.”

நான் முப்பத்திரண்டு வருடம் அரச கந்தோரில் கோப்பு புரட்டியவள். எனக்குத்தான் ஓய்வு, அந்தப் புத்திக்கு இன்னும் கிடைக்கவில்லை. எழுத்தில் இருப்பது உண்மை, மற்றதெல்லாம் வாய்க்கதை — இதுதான் என் வேதம். பிலோமினாவின் கைப்பைக்குள் இருந்து அடையாள அட்டையை நானே எடுத்து நீட்டினேன். தாதி பார்த்தார், எழுதினார். அறுபத்தெட்டு. நான் வென்றுவிட்டேன்.

எதை வென்றேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

சூசை அண்ணனைத் தெரியாதவர்களுக்கு... தலைமன்னார் வீதியில் எங்கள் சந்தியில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சண்டைக் காலத்தில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், முகாமில் இருந்துகொண்டு ஒரு பரோட்டாக் கடையில் வேலை பழகினவர். திரும்பி வரும்போது கொண்டுவந்த சொத்து இரண்டு — அந்தக் கைப்பழக்கமும் பீடியும்.

அவர் கொத்து ரொட்டி போடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு இரும்புத் தகடு. வலது கை கல்லில் கிடக்கிற ரொட்டியை வெட்டும். இடது கை அள்ளி ஒதுக்கி அதற்குக் கீழே கொண்டுவந்து போடும். இடது ஒதுக்காவிட்டால் வலது வெறும் கல்லைத்தான் வெட்டும். அந்த இடது கைதான் இப்போது கட்டில் ஓரத்தில் தொங்கியது. அது திரும்பி வந்தால் கடை உண்டு. வராவிட்டால்? பிலோமினா அதைக் கேட்கவேயில்லை. கேட்காமல் அந்தக் கையை மட்டும் தடவிக்கொண்டு இருந்தாள்.

எப்படி வந்தது இந்த வினை? பிரஷர் அவருக்குப் பழைய சிநேகிதம். கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள், போட்டார். போன வருடம் ஒரு நாள் பார்த்துவிட்டு “நோர்மல்” என்றார்கள். அண்ணனுக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் கால் நிலத்தில் படவில்லை. நோர்மல் என்றால் பிறகு என்னத்துக்குக் குளிசை? நிறுத்திவிட்டார். குளிசை போட்டபடியால்தான் நோர்மல் என்பதை யார் அவருக்குச் சொல்வது? பிறகு ஒரு நாள் பின்னேரம் மா குழைத்துக்கொண்டு நின்றவரின் இடது கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. பிலோமினா வாயு என்று நினைத்து இஞ்சி அவித்துக் கொடுத்திருக்கிறாள். அதில் அரை மணித்தியாலம் போயிற்று.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு வருத்தம் பார்க்க ஊரே வந்தது. எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே — வெறுங்கையோடு வரமாட்டோம். பாலில் கரைக்கிற மோல்ட் டின், பிஸ்கட், பனங்கட்டி, நல்ல பாரைக் கருவாடு. பிரஷர்காரனுக்குக் கருவாடு! அதோடு எல்லோரும் ஒரு வசனமும் கொண்டுவந்தார்கள்.

“அறுபத்தெட்டு வயசில இவ்வளவு தப்பினதே பெரிய காரியம்.”

“வயசு போட்டுது. இனி என்ன, இருந்து சாப்பிட வேண்டியதுதான்.”

நானும் சொன்னேன். ஒளிக்காமல் எழுதுகிறேன். “அண்ணன், உங்கட வயசுக்கு இவ்வளவு தேறினதே கடவுள் செயல்” என்று அவருடைய முகத்துக்கு நேரேயே சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துத்தான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைக்கும் காலுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண்பிள்ளை இருந்தா. விரலை விரி, பந்தை அமத்து, மேசையைத் துடை என்று வீட்டில் செய்ய ஒரு தாள் நிறைய எழுதித் தந்துவிட்டா. அண்ணன் அதைத் தொடவில்லை. பிலோமினா கெஞ்சினாள். அவருக்கு நாக்குக் குழறினாலும் பதில் தெளிவாக வந்தது: “அறுபத்தெட்டில எனக்கு இனி என்னத்துக்கு?”

நான் எழுதுவித்த இலக்கம் அவருடைய வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பிலோமினா சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா, எனக்கு மனசு கேக்குதில்ல. வாங்கோ, கோயிலுக்குப் போய் ஞானஸ்நானக் கொப்பியைப் பாத்துக்கொண்டு வருவம். எழுத்தில இருந்தாத்தானே நீங்கள் நம்புவியள்?”

போனோம். பாதர் பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினேன். பதிவேடு புரட்டுவது என் தொழில். கிடைத்தது. சூசைதாசன், தகப்பன் அந்தோனி, தாய் மதலேனாள். வருடத்தைக் கணக்குப் பார்த்தேன் — அறுபத்தெட்டு!

“பாத்தியா பிலோ?” என்றேன். அவளுடைய முகம் செத்துப்போயிற்று.

பாதர் ஓரத்தில் விரலை வைத்தார். “இதில ஏதோ எழுதிக் கிடக்குது... பிள்ளை எட்டு மாதத்தில இறந்தது எண்டு.”

எட்டு மாதத்திலா? அப்படியானால் வீட்டில் கட்டிலில் கிடப்பது யார்?

தாள்களைத் தொடர்ந்து புரட்டினோம். ஏழு வருடம் தள்ளி இன்னொரு சூசைதாசன். அதே தகப்பன், அதே தாய். பதிவேட்டுக் குறிப்பையும் பிலோமினாவுக்குத் தெரிந்த படகுக் கதையையும் சேர்த்துப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. மூத்த பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. சூசையப்பருக்கு நேர்ந்து வைத்த பெயர், தாய் விடவில்லை. அடுத்து ஆண் பிள்ளை பிறந்ததும் அதே பெயரை வைத்துவிட்டா. பிறகு படகேறும் அவசரத்தில் தகப்பன் தகரப் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தது மூத்தவனின் பிறப்புச் சான்றிதழை. பெயர் சரி, தாய் தகப்பன் சரி. முகாமில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்தக் கடதாசியை வைத்து முகாம் அட்டை. முகாம் அட்டையை வைத்து இங்கே வந்து அடையாள அட்டை. செத்துப்போன தமையனின் வயதைத் தன் வயது என்று நம்பி ஒரு மனிதர் இத்தனை காலம் சீவித்திருக்கிறார்.

பிலோமினா என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. “இதை ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ பாதர்” என்றாள், அவ்வளவுதான். வரும் வழி முழுக்க அழுதாள். நானும் கூட அழுதேன்; அவள் சந்தோசத்தில், நான் வெட்கத்தில்.

சூசை அண்ணன் அந்தக் கடதாசியை வெகு நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கோணல் வாயால் சிரித்தார்.

“அப்ப நீங்கள் என்னைவிட ஒரு வயசு மூப்பு. இனி நான் உங்களை அக்கா எண்டு கூப்பிடவோ?”

இத்தனை வருடமாக என்னைவிட இளையவரை அண்ணன் என்று கூப்பிட்டிருக்கிறேன்! அவமானம் ஒரு பக்கம். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அடுத்த நாளே பயிற்சித் தாள் சுவரில் ஏறியது. பந்தை அமத்தினார். மேசையைத் துடைத்தார். பிலோமினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் நடந்தார். “ஏழு வருசம் சும்மா கிடைச்சிருக்கு” என்று வந்தவர்கள் எல்லோருக்கும் சொன்னார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் வசதி. முடியவில்லை.

மூன்று கிழமையால் கிளினிக். நானும் போனேன், ஞானஸ்நானப் பத்திரத்தோடு. “டொக்டர், உங்கட கொப்பியில வயசைத் திருத்துங்கோ” என்று பெருமையாக நீட்டினேன். டொக்டர் இளம் ஆள். பத்திரத்தை வாசித்தார். பிறகு ஒரு சின்ன லைட்டை எடுத்து அண்ணனின் கண்ணுக்குள் அடித்து அடித்துப் பார்த்தார். உடம்பைக் கீறாமல் இரத்தக்குழாயை நேரே பார்க்கக்கூடிய இடம் கண் ஒன்றுதானாம். எனக்கு அது புதுச் செய்தி.

“ஐயா, ஐசி அறுபத்தெட்டு எண்டுது. கோயில் கொப்பி அறுபத்தொண்டு எண்டுது. உங்கட இரத்தக்குழாயைக் கேட்டா, அது எழுபத்தைஞ்சு எண்டு சொல்லும் போல கிடக்கு.”

அவர் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினார். ஆனால் அண்ணன் எழும்பிவிட்டார். பிலோமினா அவரைப் பிடிக்க ஓட, நான் செருப்பைத் தேட, மூன்று பேரும் வெளியே வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பாடும் அரைகுறை. பந்து கட்டிலுக்குக் கீழே உருண்டு கிடந்தது.

மூன்றாம் நாள் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கிளினிக் கொப்பியை வேறு அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். அதை எடுக்கிற சாட்டில் போனேன்.

“டொக்டர், எழும்பி நடக்கத் தொடங்கின மனுசனுக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

அவர் கோபிக்கவில்லை. “நான் பாதி சொல்ல முதல் நீங்கள் எழும்பிப் போட்டியள் அம்மா. இருங்கோ, மிச்சத்தைச் சொல்லுறன்.”

அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். மூளையில் செத்த இடம் செத்ததுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற இடங்கள் அந்த வேலையை மெல்ல மெல்லப் பழகும். பழகுவதற்கு இரத்தம் வேண்டும். இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் இளகி, மிருதுவாக இருந்தால் கெதியாகப் பழகும். பிரஷரும் பீடியும் உப்பும் சீனியும் அந்தக் குழாய்களை வயதுக்கு முந்தியே கிழமாக்கி இறுக வைத்துவிடும். இறுகிப்போனால் தேறுவதும் பிந்தும். ஒரே வயதில் ஒரே மாதிரி விழுந்த இரண்டு பேரில் ஒருவர் கெதியாக எழும்புவதற்கும் மற்றவர் இழுபடுவதற்கும் இதுவும் ஒரு காரணமாம்.

எனக்குக் கட்டுக்கரைக் குளத்து வயல்தான் ஞாபகம் வந்தது. என் அப்பா அங்கே வயல் செய்தவர். ஒரு வாய்க்கால் உடைந்தால் பக்கத்து வாய்க்காலால் சுற்றித் தண்ணீர் கொண்டுவருவார். அந்தப் பக்கத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்தால்? முதலில் மண்வெட்டியோடு இறங்க வேண்டியதுதான். பயிரும் தவித்துத்தான் பிழைக்கும்.

“அப்ப எங்கட ஆளுக்குக் கை வராதோ?”

“பிந்தும் எண்டுதான் சொன்னனான். வராது எண்டு சொல்லேல்ல.” பிறகு சிரித்துக்கொண்டு கேட்டார்: “அம்மா, அவருக்கு இப்ப மூண்டு வயசு இருக்கு. இதில எதை மாத்தலாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ?”

“ஐசியை மாத்தலாம்” என்றேன், கந்தோர்க்காரி அல்லவா. “ஆனா எத்தினை படி ஏறவேணும்...”

“அதை ஆறுதலா மாத்துங்கோ. கோயில் கொப்பியை ஆராலும் மாத்தேலாது. இந்த எழுபத்தைஞ்சு இருக்கே, அதை மட்டும் அவர் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கலாம். பீடியை விடட்டும். உப்பைக் குறைக்கட்டும். நோர்மல் எண்டாலும் குளிசையை ஒரு நாளும் விடக் கூடாது. நாளாந்தம் நடக்கட்டும். புதுக் குழாய் பூட்டேலாது. ஆனா இறுகிறதை மறிக்கலாம், கொஞ்சம் இளக்கலாம். அந்தக் கொஞ்சம் கைக்குப் பெரிய உதவி.”

நாங்கள் என்ன கூத்து ஆடுகிறோம் பாருங்கள். நரைத்த தலைக்கு டை அடிக்கிறோம். சுருங்கின முகத்துக்குக் கிரீம் பூசுகிறோம். உள்ளே ஓடுகிற குழாய்க்கு என்ன செய்கிறோம்? கருவாட்டைப் பொரித்து, அது காணாதென்று சோற்றுக்கும் உப்புப் போடுகிறோம்.

அன்றைக்கு எனக்கும் பிரஷர் பார்த்தார்கள். இலக்கத்தை இங்கே எழுதமாட்டேன். நானும் குளிசை தொடங்கிவிட்டேன் என்பது போதும்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், வாய்க்கால் உதாரணத்தோடு. அவர் அசையவில்லை. என் பேச்சில் யாரும் எழும்புவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போயிற்று.

அவரை எழுப்பியது வேறொன்று.

அதே கிழமை பிலோமினா கடையைத் திறந்தாள். ரொட்டி அவளே போட்டாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. ஆறு மணிக்கு ஒருவர் கொத்துக் கேட்டார். கடைக்குள் நானும் இருந்தேன். பிலோமினா இரண்டு தகட்டையும் எடுத்து வெட்டத் தொடங்கினாள் — டங்... ... டக்டக்... ... டங்... கேட்க எனக்கே பல் கூசியது. ரொட்டி ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம்.

பின்னால் கதவு திறந்தது.

சூசை அண்ணன். ஒரு கையில் ஊன்றுகோல். யாரையும் பிடிக்காமல், சுவரில் சாயாமல், கட்டிலில் இருந்து கடை வரைக்கும் தனியாக வந்து நிற்கிறார். முகம் சிவந்துபோயிருந்தது.

“நிப்பாட்டு! உது கொத்தே? ஆட்டுக்குக் குழை வெட்டுற மாதிரிக் கிடக்கு!”

“அப்ப நீங்கள் வந்து வெட்டுங்கோவன்” என்றாள் பிலோமினா. தகட்டைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் வந்தார். ஊன்றுகோலை மேசையில் சாத்திவிட்டு, வலது கையால் இடது விரல்களைப் பிரித்து, தகட்டை வைத்து மூடினார். தூக்கினார். தகடு நிலத்தில் விழுந்தது. நான் எழும்பப் போனேன். பிலோமினா கண்ணால் என்னை இருத்தினாள். அவரே மேசையைப் பிடித்துக் குனிந்து எடுத்தார். திரும்பவும் விழுந்தது. மூன்றாம் தரமும் விழுந்தது. சாப்பிட வந்தவர் ரொட்டியும் சம்பலும் போதும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்தக் கடையில் கொத்து இல்லை.

ஆனால் அடுத்த நாள் காலையில் பார்க்கிறேன், அண்ணன் கதிரையில் இருந்துகொண்டு இடது கையை மா சட்டிக்குள் விட்டிருக்கிறார். பயிற்சி சொல்லித் தருகிற அந்தப் பிள்ளையிடம் கேட்டோம். “பந்தைவிட மா நல்லது, விடாமல் குழைக்கட்டும்” என்று சொன்னா. காலையில் மா. பின்னேரம் அடுப்பு மூட்டாத கல்லில், வெறும் கல்லில், தகடு பிடிக்கிற பழக்கம். கடற்கரை வரைக்கும் நடை. பீடியை விட்ட முதல் பத்து நாள் அவர் எல்லோர் மேலேயும் எரிந்து விழுந்தார். வருத்தம் பார்க்க வந்த கருவாட்டைப் பிலோமினா எங்கள் வீட்டுக்கு அனுப்பினாள்; நான் குளிசை போடுகிற விஷயம் அவளுக்குத் தெரியாது போலும்.

அன்பால் மனிதர் எழும்புவார்கள் என்கிறார்கள். இருக்கலாம். நான் கண்ணால் கண்டது எரிச்சலால் எழும்பினவரை. ஒரு சந்தேகம் மட்டும் எனக்குப் போகவில்லை. முப்பது வருடம் கொத்துக்காரனோடு குடும்பம் நடத்தினவளுக்கு அவ்வளவு மோசமாகவா வெட்ட வரும்? கேட்டேன்.

“பிலோ, உண்மையைச் சொல்லு. நீ வேணுமெண்டுதானே அப்பிடி வெட்டினனீ?”

“அப்பிடி எங்கயாவது எழுத்தில கிடக்கோ அக்கா?” என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

நடுவில் நல்ல நாளும் வந்தது, கெட்ட நாளும் வந்தது. ஒரு கிழமை விரல் மடங்கும். அடுத்த கிழமை மடங்காது. கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. ஊன்றுகோல் இன்னும் கதவோரம்தான். போன மாத கிளினிக்கில் பிரஷர் நோர்மல் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, குளிசையைக் கேட்டு வாங்கிப் போட்டது. பிலோமினா அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாள்.

போன சனிக்கிழமை பின்னேரம். கல் சுட்டுக்கொண்டிருந்தது. நான் மூலை மேசையில் இருந்தேன். அண்ணன் இரண்டு கையிலும் தகட்டோடு நின்றார். பிலோமினா வெங்காயம் நறுக்குகிற மாதிரி நின்றுகொண்டு வெங்காயத்தைப் பார்க்கவேயில்லை.

வலது விழுந்தது. டங். ஒரு மூச்சு விடும் நேரம்... இடது போய் அள்ளி, ஒதுக்கி, கொண்டுவந்து போட்டது. டக். திரும்ப வலது. திரும்ப, பிந்தித்தான், இடது. பழைய வேகம் இல்லை. பழைய வேகத்தில் பாதியும் இல்லை. ஆனால் தகடு விழவில்லை. ரொட்டி துண்டு துண்டாகிக்கொண்டு வந்தது. நான் தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

மன்னார் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் பார்சலுக்குச் சொல்லியிருந்தார். கால் மாறிக் கால் மாறி நின்று பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்: “அண்ணை, கொஞ்சம் கெதியா... பஸ் வரப்போகுது.”

சூசை அண்ணன் நிமிரவில்லை. இடது கை போய் ஒதுக்கி வரும் வரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

“பொறுங்கோ தம்பி. எனக்கு இப்பதான் வயசு குறையத் தொடங்கியிருக்கு.”